கை மடங்கும் இடத்துக்குப் பேர் வந்த கதை

ஆட்டுக்கும் வாத்துக்கும் வாய் நிறையப் பேச்சு இருந்த காலம் அது. மனுஷன் ஒன்று சொன்னால் ஆடு இரண்டு சொல்லும். அந்தக் காலத்தில், பூமியின் வடக்கு ஓரத்தில், காயப்போட்ட துணி பலகை மாதிரி விறைத்து நிற்கிற குளிரில், ஒரு வளைகுடா இருந்தது. அதன் கரையில் கொஞ்சம் வீடுகள் இருந்தன. அந்தக் குளிரில் போய் எதற்குக் குடியேறினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் புரியாத விஷயம்தான். மீன் இருந்தது, ஆடு இருந்தது, கொஞ்சம் பார்லி விளைந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு இங்கிலீஷ்காரர், ஜெர்மன்காரர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று ஆளுக்கொரு கொடி பிடிக்கிறார்களே, அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் அப்போது அந்த ஒரே கரையில், ஒரே பாஷையில்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாஷையில் கண்ணுக்குப் பேர் உண்டு, மூக்குக்குப் பேர் உண்டு, கால் கட்டைவிரலுக்குக்கூடப் பேர் உண்டு. கை மடங்குகிற இடத்துக்கு மட்டும் பேர் கிடையாது. யாருக்காவது அங்கே இடித்துக்கொண்டு சுரீர் என்று ஏறினால், "இங்கே, இங்கே" என்று தொட்டுக் காட்டித்தான் அலறுவார்கள். ஒரு பேர் வைப்போமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பேர் இல்லையே தவிர அந்த இடத்துக்கு வேலை இருந்தது. அங்கிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் துணியை நீட்டித்தான் அளப்பார்கள். நம்மூர்ப் பூக்காரம்மா முழம் போடுகிறார்களே, அதேதான். அந்த அளவுக்கு அவர்கள் வைத்த பேர் 'அலின்'. பூக்காரம்மாவுக்குக் கை குட்டையாக இருந்தால் நாம் முணுமுணுத்துக்கொண்டே பூவை வாங்கிக்கொண்டு வருவோம். அங்கே அந்த வம்பே இல்லை. அவரவர் வீட்டுத் தறி, அவரவர் வீட்டுத் துணி, அந்த வீட்டுத் தலைவர் கைதான் அந்த வீட்டு அலின். அடுத்த வீட்டுக்காரர் கையால் தன் துணியை அளப்பதென்றால் அவர்களுக்கு அது அடுத்தவர் எச்சில் கரண்டியை வாங்கி வாயில் வைத்துக்கொள்கிற மாதிரி. செத்தாலும் செய்ய மாட்டார்கள்.

அந்தக் கரையில் யோரா என்று ஒருத்தி இருந்தாள். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, தனி வீடு. சின்ன வயதில் கடல்பறவை முட்டை எடுக்கப் பாறையில் ஏறி, வழுக்கி விழுந்து, வலது கையை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. கை மடங்கினது மடங்கினபடியே நின்றுபோனது. நீட்டவும் வராது, அதற்கு மேல் மடக்கவும் வராது. மடங்கிய இடத்தில் எலும்பு ஒரு முளைபோலத் துருத்திக்கொண்டு நின்றது. ஊரார் அவளைப் 'புகோ' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பாஷையில் 'வளைவு' என்று அர்த்தம். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள்.

பேரோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வளைந்த கை நெய்தால் துணியும் வளைந்துபோகும் என்று அவளைத் தறிப்பக்கமே சேர்க்கவில்லை. ஆடு மேய்க்கவும் ரோமம் கத்தரிக்கவும்தான் விட்டார்கள். யோராவுக்கு அது நெஞ்சில் முள். அவள் ஒன்றும் வாய்பொத்தி அழுதுகொண்டிருக்கிற ரகம் இல்லை. "என்னைத் தறியில உட்கார வெச்சுப் பாருங்கடி, அப்புறம் யார் துணி கோணல்னு தெரியும்" என்று வீட்டுக்கு வீடு வாசலில் நின்று சத்தம் போட்டவள்தான். யார் கேட்டார்கள்? ஆடுகள்தான் கேட்டன. அதிலும் கருமூக்கி என்று ஒரு பெட்டை ஆடு, மந்தைக்கே தலைவி, யோராவிடம் உயிரையே வைத்திருந்தது.

ஒரு வருஷம், பார்லி அறுப்பு முடிவதற்கு முன்னாலேயே காட்டு வாத்துக் கூட்டம் தெற்கே கிளம்பிவிட்டது. போகிற போக்கில் வளைகுடாவுக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தியது.

"அடேய் மனுஷங்களா! இந்தத் தடவை வர்ற பனி வந்துட்டுப் போற பனி இல்ல. தங்குற பனி! வடக்கே மலைமலையா மிதந்து வந்துக்கிட்டு இருக்கு. வளைகுடாவோட வாய் அடைபட்டுச்சுன்னா உள்ளே இருக்கிறவன் உள்ளேதான். கிளம்புங்க, கிளம்புங்க!"

"எங்கே கிளம்பச் சொல்றே?" என்று கீழே இருந்து கத்தினார்கள்.

"தெற்கே! கடலைத் தாண்டினா கரை இருக்கு. இடுப்பளவு புல் இருக்கு, மரம் இருக்கு. பாய் கட்டிக்கிட்டுப் போங்க, துடுப்பு போட்டுப் போற தூரம் இல்ல!"

எல்லாரும் வீட்டுக்கும் கரைக்குமாக ஓடினார்கள். ஆனால் ஓர்மர் பயப்படவில்லை. ஓர்மர்தான் அந்தக் கரைக்குப் பெரிய மனுஷர். ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல், கையோ கேட்கவே வேண்டாம், அந்தக் கரையிலேயே நீளமான கை. அலையில் ஒதுங்கிய மரமெல்லாம் சேர்த்து அவர் ஒரு கப்பல் கட்டி வைத்திருந்தார். ஊரே ஏறலாம், ஆனால் நெருக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். கப்பலுக்குப் பாய்தான் இல்லை.

ஓர்மர் கல்மேல் ஏறி நின்று சொன்னார்: "ஒவ்வொரு வீடும் கம்பளியில ஒரு பட்டை நெய்யணும். முப்பது அலின் நீளம். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத் தெச்சா பாய். பட்டை கொடுத்த வீட்டுக்குக் கப்பல்ல இடம். கொடுக்காத வீட்டுக்கு இடம் இல்ல. நியாயம்தானே?"

எல்லாரும் நியாயம் என்றார்கள். யோரா ஒருத்திதான் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுல தறி இல்லியே அண்ணே. நெய்யவே விடாதவங்க, நெய்யாதவளுக்கு இடம் இல்லைன்னு சொன்னா அது என்ன நியாயம்?"

ஓர்மருக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றினால் பெரிய மனுஷத்தனம் என்னாவது? "ஆளுக்கு ஒரு சட்டம் வெக்க முடியாது யோரா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

யோரா ஓர்மர் மனைவி ஹல்லாவிடம் ஓடினாள். அந்தக் கரையில் ஹல்லாவை மிஞ்சி நெய்ய ஆள் கிடையாது. "மதனி, உங்க பழைய தறியைக் கொடுங்க. ஒரு பட்டை நெய்துக்கிறேன். உயிர் போற விஷயம் மதனி."

ஹல்லா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாய்ல ஒரு பட்டை கோணினா கப்பலே கோணிடும்டி. உன் ஒருத்திக்காக அத்தனை பேரும் முங்கணுமா?" என்றாள். யோராவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மலைமேல் ஏறிப்போய் கருமூக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பனி மூடினால் இந்தக் கரையில் மிஞ்சப்போவது அவளும் ஆடுகளும்தான். ஆடுகளுக்கும் கப்பலில் இடம் கிடையாது என்று அதற்குள் சொல்லியாகிவிட்டது.

ஊரார் வேகவேகமாக நெய்தார்கள். அவரவர் வீட்டில், அவரவர் கை அளவில், முப்பது அலின். ஒரு தடவையாவது பக்கத்து வீட்டில் போய் ஒட்டிப் பார்த்திருக்கலாம். அதுதான் கரண்டி எச்சில் ஆயிற்றே! பட்டைகளையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்து விரித்தபோதுதான் தெரிந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. கீழ் ஓரம் பல் போன சீப்பு மாதிரி இருந்தது. குட்டையை இழுத்தார்கள், நீளத்தைச் சுருக்கினார்கள், எப்படியோ ஒட்டுப்போட்டுத் தைத்து, கப்பலை வளைகுடாவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். காற்று வந்து பாயில் மோதியது. இழுத்துத் தைத்த இடத்தில் பிடித்தது கிழிசல். உச்சியிலிருந்து அடிவரைக்கும் டர்ரென்று கிழிந்து, பாய் கந்தல் கந்தலாகக் கடலில் விழுந்தது. கப்பலைத் துடுப்புப் போட்டுக் கரைசேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அந்தக் குளிரில் ஈ ஏது என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்த கம்பளி அத்தனையும் அந்தப் பாயில் போயிருந்தது. வளைகுடாவின் வாய்க்கு வெளியே, வெள்ளையாக, பனிப்பாறையின் முதல் விளிம்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

இனி ஒரே ஒரு வழிதான். ஆடுகளின் உடம்பில் குளிர்காலத்துக்காக வளர்ந்திருந்த ரோமம். ஓர்மர் தானே மலைக்குப் போய், குரலைத் தணித்துக் கருமூக்கியிடம் கேட்டார்.

கருமூக்கி அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது. "எங்க மேல இருக்கிறது ரோமம் இல்ல ஓர்மரே, எங்க உசிரு. இதைக் கழட்டிக் கொடுத்துட்டு நாங்க இந்தப் பனியில நிக்கணும். கொடுத்ததை நீங்க மறுபடி ஏட்டிக்குப் போட்டியா நெய்து கடல்ல போடுவீங்க. எதுக்குக் கொடுக்கணும்?"

"இந்தத் தடவை ஒழுங்கா நெய்வோம்."

"எப்படி? போன தடவை மட்டும் கோணலா நெய்யணும்னா நெய்தீங்க? ஒரே கையால அளக்கணும் ஐயா, ஒரே கையால! அது எந்தக் கைன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அன்றைக்குக் கரையில் நடந்த கூத்து இருக்கிறதே! "என் கைதான் நீளம், என் கையை வெச்சுக்கலாம்" என்றார் ஓர்மர். "நீளமா இருந்தா? என் கைதான் நேர்" என்றான் இன்னொருத்தன். "எங்க தாத்தா கை மாதிரியே என் கை" என்றான் வேறொருத்தன், என்னமோ தாத்தாவின் கையை எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்ட மாதிரி. பேச்சு வளர்ந்து தள்ளுமுள்ளு ஆனது. கடைசியில் கருமூக்கி நடுவில் வந்து நின்றது.

"ஒரு கயிறு கொண்டாங்க. ஒவ்வொருத்தரும் மூணு தடவை அளங்க. விரல் நுனி வர்ற இடத்துல நான் பல்லால ஒரு கடி வெக்கிறேன். எவன் கை மூணு தடவையும் ஒரே இடத்துல வந்து நிக்குதோ, அந்தக் கை."

ஓர்மர் முதலில் வந்தார். கயிற்று நுனியில் வளையம்போலப் போட்ட முடிச்சை, கை மடங்குகிற இடத்தில் வைத்து நீட்டினார். கருமூக்கி ஒரு கடி வைத்தது. மறுபடி அளந்தார். இந்தத் தடவை தோள் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, முடிச்சு நழுவியது, விரல் நுனி முதல் கடியைத் தாண்டிப் போனது. மூன்றாவது தடவை வேறு எங்கோ போய் நின்றது. "காத்து அடிக்குது" என்றார் ஓர்மர். "ஆமாம், காத்துதான் கையை இழுத்துச்சு" என்றது கருமூக்கி. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே லட்சணம்தான். கயிறு முழுக்கப் பல் தடம். அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது கயிறு.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "தள்ளுங்க. வழி விடுங்க."

யோரா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் ஓர்மர். "வளைஞ்ச கையால அளந்து வளைஞ்ச பாய் கட்டினா, கப்பல் கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும்." கூட்டம் சிரித்தது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது பாருங்கள் அவர்களுக்கு.

யோரா யாரையும் பார்க்கவில்லை. பல் தடம் இல்லாத வேறொரு கயிற்றை எடுத்து, அதன் முடிச்சைத் தன் கையில் துருத்தி நின்ற எலும்பு முளையில் மாட்டினாள். மாட்டின முடிச்சு அசையவில்லை. தோளை உயர்த்தினாள், அசையவில்லை. காற்றடித்தது, அசையவில்லை. கயிற்றை விரல் நுனிக்கு இழுத்தாள். கருமூக்கி கடித்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். கருமூக்கி கடித்தது. மூன்றாவது தடவையும் கடித்தது. கயிற்றைத் தூக்கிக் காட்டியபோது அதில் ஒரே ஒரு கடிதான் இருந்தது. ஆட்டின் பல் மூன்று தடவையும் அதே ஓட்டைக்குள் போய் விழுந்திருந்தது.

சிரித்தவர்கள் கயிற்றைப் பார்க்க முண்டியடித்தார்கள். ஹல்லா கயிற்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெய்கிறவள் இல்லையா, அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.

"சரி, அளவு கிடைச்சாச்சு" என்று ஓர்மர் அவசரமாகச் சொன்னார். "யோரா கை நீளத்துக்கு ஒரு கோல் வெட்டுங்க. அதை வெச்சு எல்லாரும் அளந்துக்கலாம்."

"வெட்டுவீங்க, வெட்டுவீங்க!" என்றாள் யோரா. கோல் வெட்ட வந்தவன் கிட்டே வருவதற்குள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கோல் வெட்டிக் கொடுத்தா கோல் கப்பல் ஏறும், நான் கரையில நிப்பேன். இத்தனை வருஷம் உங்களைப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா? கோல் கிடையாது. கைதான் வரும், கையோட நானும் வருவேன். ஒவ்வொரு தறிக்கும் வந்து நானே அளப்பேன். எனக்குக் கப்பல்ல இடம் வேணும். இந்த ஆடுங்க அத்தனைக்கும் இடம் வேணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் மலைக்குப் போறேன்."

என்ன துணிச்சல் பாருங்கள்! பனி வாசலில் வந்து நிற்கிறது, அவளுக்கும் சேர்த்துத்தான் சாவு. ஆனாலும் இறங்கிவரவில்லை.

ஓர்மர் தாடியை இழுத்துக்கொண்டு நின்றார். ஹல்லாதான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "இடம் கொடுங்க" என்றாள். பிறகு சத்தமாக, "கொடுங்கன்னா கொடுங்க! ஆடு பக்கத்துல படுத்தா நமக்கும் கதகதப்புதானே?" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்த மாதிரி எல்லாரும் சரி சரி என்றார்கள்.

அதற்குப் பிறகு யோராவுக்குக் கால் தரையில் படவில்லை. ஆடுகளுக்குத் தானே கத்தரித்தாள். ரோமம் போன ஆடுகளை வீட்டுக்குள் விட்டுத் தன் போர்வைகளைப் போர்த்தினாள். பிறகு தறி தறியாக ஓடினாள். ஒவ்வொரு வீட்டிலும் பட்டை நீள நீள, துணியின் ஓரத்தைத் தன் முளையில் மாட்டி, அலின் அலினாக அளந்து, சாயம் தொட்டுக் குறி வைத்தாள். முதல் வீட்டில் தறிக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. அழுதுகொண்டே அளந்தாள், அளந்துகொண்டே சிரித்தாள், அந்த வீட்டுக்காரி பயந்தே போனாள்.

வளைகுடா முழுக்க ஒரே கூப்பாடு. "எங்க தறிக்கு அனுப்புங்க!" "இன்னும் வரல்லியே!" "அளவை அனுப்புங்க!" "வளைவை அனுப்புங்க!" யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதே மறந்துபோய், அலினையும் புகோவையும் சேர்த்து 'அலினபுகோ, அலினபுகோ' என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அளவின் வளைவு. போன மாதம்வரைக்கும் வசவாக இருந்த சொல், இப்போது வாசலுக்கு வாசல் வரவேற்பு ஆனது. யோரா கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடுவாள்: "வர்றேன், வர்றேன்!"

ஒரே ஒரு வீடு மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. ஓர்மர் வீடு.

"ஊருக்கு ஆயிரம் இருக்கட்டும். என் வீட்டுத் துணியை இன்னொருத்தி கையால அளக்க விடமாட்டேன்" என்று அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஹல்லா நெய்தாள், அவர் தன் நீளக் கையால் அளந்தார். சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. வீம்பு பிடித்த மனுஷர்.

கரையில் பட்டைகளை விரித்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டின. கண்ணால் பார்த்தால் ஒரே துணிபோல இருந்தது. பெரிய மனுஷர் வீட்டுப் பட்டை என்று ஓர்மருடையதை நடுவில் வைத்திருந்தார்கள். அது மட்டும் கீழே நாக்கு மாதிரி தொங்கியது. வெளியே பனிப்பாறைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கரைக்கே கேட்டது. வளைகுடாவின் வாயில் இன்னும் ஒரு கப்பல் நுழைகிற சந்துதான் பாக்கி. ரோமம் இல்லாத ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கின.

"மத்ததை எல்லாம் கொஞ்சம் இழுத்துத் தைங்க" என்றார் ஓர்மர்.

"மறுபடியுமா!" என்று ஊரே அலறியது.

ஹல்லா எழுந்தாள். யோராவின் இடுப்பில் தொங்கிய ரோமக் கத்தரியை உருவினாள். நெய்து முடித்த துணியில் கத்தரி வைப்பதென்றால் நெய்தவளுக்கு எப்படி இருக்கும் என்று நெய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"யோரா, வந்து கையை வை."

"வேண்டாம் மதனி" என்றாள் யோரா. அவளுக்கே மனசு கேட்கவில்லை. "அருமையான துணி."

"வைடின்னா!"

யோரா மேலிருந்து அளந்துகொண்டு வந்தாள். முளையில் மாட்டி, விரல் நுனியில் பிடித்து, மறுபடி மாட்டி, முப்பதாவது அலினில் கையை வைத்து நிறுத்தினாள். அந்த விரல் நுனியில் ஹல்லா கத்தரியை வைத்து, ஒரே மூச்சில் வெட்டினாள்.

"ஏய்! அது என் கை!" என்று கத்தினார் ஓர்மர்.

"உங்க கை உங்ககிட்டதான் இருக்கு, பாத்துக்குங்க" என்றாள் ஹல்லா. வெட்டி விழுந்த துண்டை எடுத்துப் போய்க் கருமூக்கியின் முதுகில் போர்த்தினாள். "தையுங்கடி! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

தைத்தார்கள். ஏற்றினார்கள். கிழவர், குழந்தை, ஆடு, சட்டி பானை எல்லாம் கப்பலில் ஏறின. யோரா கடைசியாக ஏறினாள். யாரும் வழி மறிக்கவில்லை, நாலைந்து கைகள் அவளைத் தூக்கி உள்ளே விட்டன. பாய் உச்சிக்குப் போனது. காற்று வந்து மோதியது. எல்லாரும் தையலையே பார்த்தார்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. பாய் முழுக்க ஒரே மாதிரி உப்பி நின்றது. கப்பல் பாய்ந்தது பாருங்கள், அப்படி ஒரு பாய்ச்சல்! இரண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே, துடுப்பைக்கூட நீட்ட முடியாத சந்தில் புகுந்து வெளியே வந்தது. பின்னால் பாறைகள் இடித்துக்கொண்டு சந்து மூடிக்கொண்டது. மனுஷர் கத்தினார்கள், ஆடுகள் கத்தின, மேலே, கடைசியாகக் கிளம்பிய வாத்துகள் கத்தின. "அலினபுகோ! அலினபுகோ!" என்று அத்தனை பேரும் தங்கள் கையை மடக்கித் தூக்கிக் காட்டினார்கள். யோரா தன் வளைந்த கையைத் தூக்கிக்கொண்டு பாய்க்குக் கீழே நின்றாள். ஓர்மர் கண்ணிலும் தண்ணீர். காற்று பட்டுவிட்டது என்றார்.

வாத்து சொன்ன கரை வந்தது. புல் இடுப்பளவு இருந்தது, மரமும் இருந்தது. ஆடுகள் இறங்கினதும் தலை நிமிரவில்லை. அங்கே ஒரு குளிர்காலம் சேர்ந்து இருந்தார்கள். அப்புறம் இடம் பரந்து கிடக்கிறதே, குடும்பம் குடும்பமாகத் திசைக்கொன்றாகப் பிரிந்தார்கள். பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் கையில் ஒரு கோலோடு யோராவின் வாசலில் வந்து நின்றார்கள், கூச்சத்தோடு.

"இப்போ வெட்டிக்குங்க" என்று யோரா வளைந்த கையை முன்னால் காட்டினாள். "இப்போ நானும் கரை சேந்துட்டேனே! எத்தனை வேணுமோ வெட்டிக்குங்க." ஹல்லாவின் பழைய தறி அவள் வீட்டுக்குள் நின்றது. அதில் பாதி நெய்த துணி இருந்தது. கோணல் இல்லை.

கோலோடு அந்தப் பேரையும் எடுத்துப் போனார்கள். குழந்தைகள் கையை மடக்கி, அந்த இடத்தைத் தொட்டு, "எனக்கும் இருக்கு அலினபுகோ" என்று விளையாடினார்கள். பெரியவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். போன இடத்தில் வாய்க்கு வாய் தேய்ந்தது. இங்கிலாந்துக்குப் போனவர்கள் 'எல்போ' என்றார்கள். ஜெர்மனிப் பக்கம் 'எல்போகன்', டச்சுக்காரர்களிடம் 'எல்லபோக்', டென்மார்க்கில் 'அல்பூ', ஐஸ்லாந்தில் 'ஒல்ன்போகி'. ஓர்மர் தன் ஆட்களோடு ஸ்வீடன் பக்கம் போனார். அளவு என்ற சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன் என்று அங்கேயும் அதே வீம்பு. 'கை வளைவு' என்ற அர்த்தத்தில் 'ஆர்ம்போகே' என்று மாற்றிச் சொன்னார். இன்றும் ஸ்வீடன்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பாருங்கள், அளவை விட்டவரால் வளைவை விட முடியவில்லை!

கப்பலில் உனக்கு இடமில்லை என்று ஒருத்தியைப் பார்த்துச் சொன்னார்களே, அந்தக் கப்பல் கரை தொட்ட நாளிலிருந்துதான், அந்த வடக்குச் சீமையில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அதன் இரண்டு கையிலும் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது.